மஞ்சளாகாத குழாய்

பதினொரு குழாயும் மஞ்சளாகிவிட்டன. பன்னிரண்டாவது மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது.

எடுத்து ஒரு உலுக்கு உலுக்கினேன். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ம்ஹூம்.

மாம்புரிப் பக்கத்தில் ஒரு முன்பள்ளிக் கட்டடம் அது. பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் எங்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். சுவரில் யானை, அன்னாசி, ஆமை. முழங்கால் உயரக் கதிரைகளில் வெங்காயத் தோட்டத்து ஆம்பிளைகள், சாரத்தை இழுத்து விட்டுக்கொண்டு, முழங்கால் நாடியில் முட்ட வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு குழாயில் எட்டு அவர்களுடைய இரத்தம். மிச்சம் நாலும் தோட்டத்துப் பக்கமே போகாதவர்களுடையது.

தோட்டத்துக்காரருடைய குழாய் சோம்பலாக மஞ்சளாகலாம், வெளிறியும் நிற்கலாம். அதைப் பிடிக்கத்தானே போனோம். மற்ற நாலும் பளிச்சென்று மஞ்சளாக வேண்டும். மாட்டேன் என்று நின்றதோ, வீட்டுக்குள் இருந்து உடுப்புத் தைக்கிற ஒரு பெண்ணுடைய குழாய்.

இந்தத் தொடரில் போன கிழமைப் பகுதியைப் படித்துவிட்டு மதுரங்குளியிலிருந்து என் பள்ளித் தோழி ஒருத்தி கோல் எடுத்தாள். ஊசியும் கையுமாக இத்தனை வருசம் திரிந்தவள் ஒரு பிழைகூட விடவில்லையா, எல்லாம் உன் கெட்டித்தனமாகத்தான் எழுதுகிறாய் என்று ஏசினாள். விட்டேனடி. இந்தக் கிழமை அதுதான்.

மீன் மணக்கிற பெட்டி

சண்டை முடிந்து சில வருசம். கற்பிட்டிப் பக்கத்து மணலில் வெங்காயமும் மிளகாயும் வருசம் முழுக்க நின்றன. முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்குத் தலைசுற்று, கண்மங்கல், கைநடுக்கம் என்று கிளினிக்கில் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர்களின் இரத்தத்தைப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஆய்வு தொடங்கியது. ஆய்வுகூடத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். வாய்க்காரி என்று பெயரெடுத்தவள், வெளியே அனுப்பினால் உள்ளே நிம்மதி என்று நினைத்திருப்பார்கள்.

என்னத்தைப் பார்த்தோம் என்று சொல்லிவிடுகிறேன். நரம்பு தசைக்கு ‘அசை’ என்று சொல்ல ஒரு பொருளை விடும். தசை அசைந்த பிறகு அந்தப் பொருளைத் துடைத்துவிட ஒரு நொதியம் இருக்கிறது. பெயர் கோலினெஸ்தரேஸ். சில பூச்சிமருந்துகள் போய் அதன் கையைக் கட்டிப் போட்டுவிடும். துடைக்க ஆளில்லாமல் உடம்பு தடுமாறும். இந்த நொதியம் எவ்வளவு உசாராக இருக்கிறது என்று பார்க்க, இரத்தத்தைச் சுழற்றி மேலே நிற்கும் தெளிநீரை எடுத்து, அதில் இரண்டு மருந்தை விடுவோம். நொதியம் வேலை செய்தால் மஞ்சள் ஏறும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை ஒரு சின்னக் கருவி இலக்கமாகச் சொல்லும்.

கூட வந்தவர் யூஜின், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சிலாபக் கரையில் பிறந்த கத்தோலிக்கர். ஒரே வசனத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார். இரத்தத்தைக் குளிரில் வைக்கப் பெட்டி கேட்டேன், தன் மச்சானுடைய மீன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எத்தனை தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியும் அதில் சூடை மீன் மணம் போகவில்லை. மீன் வாடியிலிருந்து ஐஸும் அவரே கொண்டுவந்தார்.

முதல் நாள் விரலில் குத்தித்தான் இரத்தம் எடுத்தோம். எல்லோருக்கும் தலைகீழாக விழுந்தது இலக்கம். கணக்குப்படி பாதிப்பேர் படுத்தே கிடக்க வேண்டும், அவர்களோ வெற்றிலை போட்டுக்கொண்டு பகிடி விடுகிறார்கள். பிறகுதான் மண்டையில் பட்டது. காலையில் பூச்சிமருந்து கலக்கிய விரல் அது. விரலில் இருந்த மருந்து துளி இரத்தத்தோடு குழாய்க்குள் போய் அங்கேயும் நொதியத்தைக் கட்டிப் போட்டிருக்கிறது. அடுத்த நாளிலிருந்து கை கழுவ வைத்து, முழங்கை நாளத்தில் ஊசி போட்டு எடுத்தோம். அந்தக் கெட்டித்தனம்தான் பிறகு என் கண்ணைக் கட்டியது.

சிரித்தது நான்தான்

பன்னிரண்டாவது குழாய்க்காரியின் பெயர் பர்ஹானா. முப்பது வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள். புருசன் ரிஸ்வான் ஓட்டோ ஓட்டுகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக நேராக வைத்துவிட்டு உள்ளே வந்ததிலேயே, தையல்காரி என்று தெரிந்தது.

கையை நீட்டிக்கொண்டே கேட்டாள், “மிஸ், ஒபரேஷனுக்கு மயக்குறாங்களே, அதில ஆள் எழும்பாமப் போறது உண்டா?”

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் யாரானாலும் மிஸ்தான். நான் நிமிர்ந்து பார்த்தேன். முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் தைரொயிட் கட்டி. பாண் விழுங்கவே கஷ்டமாக இருக்கிறதாம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். வெட்டி எடுக்க நாள் கொடுத்திருக்கிறார்கள், ஒரு மாதம்கூட இல்லை. ஏற்கெனவே ஒரு தரம் நாள் கொடுத்தும் பயத்தில் போகவில்லை. அவளுடைய மாமிக்கு முந்தி ஒரு ஒபரேஷனில், வெட்டித் தைத்து எல்லாம் முடிந்த பிறகும் உடம்பு அசையாமல் மெஷினில் கிடந்தாராம். ஆனால் பக்கத்தில் கதைக்கிறதெல்லாம் அவருக்குக் கேட்டதாம்.

நான் சிரித்தேன். நல்லா வாய் விட்டே சிரித்தேன். மயக்க மருந்து உள்ளே போனால் ஆயிரம் கனவு வரும், மாமியின் கதையைக் கேட்டு நீ மூச்சு முட்டிக் கிடக்காதே, பேசாமல் போய்ச் செய்துகொள் என்று ஏசி அனுப்பினேன். கதிரைகளில் இருந்த ஆம்பிளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அரை மணித்தியாலத்தில் அவள் குழாய் தண்ணீராக நின்றது. நான் என்ன செய்தேன்? கொப்பியில் அவள் பெயருக்கு நேரே ‘கெட்டுப்போன மாதிரி’ என்று எழுதி, சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தேன். தோட்டத்துக்குப் போகாதவளின் இரத்தம் இப்படி இருக்க முடியாது, ஆகவே இது இரத்தத்தின் பிழை. எப்படி என் நியாயம்!

ஒரே காலையில் ஒரே பெண் என்னிடம் இரண்டு விசயம் தந்தாள். ஒன்றுக்குச் சிரித்தேன், மற்றதை வெட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

வாப்பாவின் ராக்கை

இந்த இடத்தில் என் வாப்பாவைப் பற்றி ஒரு சொல். மதுரங்குளிச் சந்தியில் எங்களுக்குக் கடை இருந்தது. ஒரே ராக்கையில் மேல் தட்டில் பிஸ்கட், நடுவில் விளக்குத் திரி, கீழே பூச்சிமருந்துப் போத்தல். ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டு வருகிறவர்களுக்கு வாப்பா மூடியைக் காட்டி “இதால ரெண்டு” என்பார். எந்தப் போத்தல் மூடி என்று அவரும் சொல்ல மாட்டார், அவர்களும் கேட்க மாட்டார்கள். நான் கேட்பேன். கேட்டால் “நீ போய் உம்மாக்கு உதவி செய்” என்பார்.

அளவு விசயத்தில் எனக்கு இப்போதும் வருகிற கோபம் அந்த மூடியிலிருந்து வந்ததுதான். இலக்கம் பொய் சொல்லாது என்று அந்த வயதிலேயே பிடித்துக்கொண்டேன். அப்படிப்பட்டவள், தனக்குப் பிடிக்காத இலக்கம் வந்ததும் கோடு இழுத்துவிட்டேன் பாருங்கள்.

அதே சட்டி

யூஜின்தான் விடவில்லை. தோட்டத்துக்குப் போகாதவர்களில் ஒரு ஆள் குறைகிறதே, அதே பெண்ணிடம் திரும்ப எடுப்போம் என்றார். வீட்டுக்கே போனோம். இந்த முறை நானே அவள் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். புது ஊசி, புதுக் குழாய், புது மருந்து.

தண்ணீர். அதே தண்ணீர்.

இப்போது எனக்கு வேறு பயம் பிடித்தது. இந்தப் பெண்ணின் உடம்புக்குள் எப்படியோ நஞ்சு போகிறது. புருசன் ஓட்டோவில் மருந்துப் போத்தல் ஏற்றுகிறாரா? கிணற்றில் கலக்கிறதா? அல்லது யாராவது... வாய் சும்மா இருக்குமா? வீட்டில் சமைக்கிறது யார், சாப்பாட்டில் ஏதாவது விழ இடமிருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

குசினியிலிருந்து மாமி வந்தார். ரிஸ்வானின் உம்மா, பர்ஹானாவின் வாப்பாவுக்கு மூத்த, கூடப்பிறந்த ராத்தா. அந்தக் குடும்பத்தில் நாலு தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம். நல்ல பருமனான ஆள், கையில் அகப்பை.

“எங்கட குசினியில நஞ்சு எண்டா சொல்றீங்க, மகள்?” குரலை உயர்த்தவேயில்லை. “நானும் அதே சட்டியிலதான் திங்கிறன். எனக்கும் எடுங்க.”

அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். ரிஸ்வானும் சட்டைக் கையை மடித்தார். நான் தலை நிமிராமல் எடுத்தேன்.

மாமியின் குழாயும் தண்ணீர். ரிஸ்வானுடையது அரை மஞ்சள்.

தன் குசினியைக் காப்பாற்றக் கொடுத்த இரத்தமே மாமிக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஒழுங்கைக்குள் கதை பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? அடுத்த நாளே பக்கத்து வீட்டார் அங்கே தேத்தண்ணி குடிக்கவில்லை என்று யூஜின் வந்து சொன்னார். பர்ஹானா ஒபரேஷனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். அந்தக் கட்டியோடு அவளை வீட்டில் இருத்தியது நான்.

யூஜின் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார். “மிஸ், இவ்வளவு குறைஞ்சா ஆளுக்கு எச்சில் வடியணும், நடுங்கணும், இல்லயா? அந்த மனுசி அகப்பையோட நிண்டு உங்களுக்கு ஏசினாவே.”

சரிதானே! மருந்தடிக்கிற ஆளுக்கு இதில் கால்வாசி குறைந்தாலே, கொஞ்ச நாள் தோட்டத்துக்குப் போகாதே என்று நிறுத்தி வைப்போம்.

மாளுவா என்று கேட்டார் கொண்டக்டர்

இரத்தத்தில் இந்த நொதியம் இரண்டு இடத்தில் இருக்கிறது. தெளிநீரில் ஒன்று, செங்குழியத்தில் ஒன்று. ஒரே வேலை செய்கிற இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர் என்று வையுங்கள். செங்குழியத்தில் இருக்கிறவன்தான் நரம்பிலும் நின்று வேலை செய்கிறவன். நஞ்சு வந்தால் இரண்டு பேரையும் கட்டிப் போடும். என் பெட்டியில் இருந்த மருந்து தெளிநீரைப் பார்க்க மட்டும்தான். மற்றதைப் பார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டும், அங்கே என்னோடு படித்தவள் ஒருத்தி ஒரு ஆய்வுகூடத்தில் இருந்தாள்.

இன்னொரு தரம் கையை நீட்டச் சொல்லி அந்த வீட்டு வாசலில் நானே போய் நின்றேன். மாமி சட்டைக் கையை மேலே ஏற்றி நீட்டினார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மடியில் மீன் பெட்டியோடு காலை பஸ்ஸில் ஏறினேன். கொஞ்சத் தூரத்தில் முன்சீட்டு மனுசன் மூக்கைச் சுருக்கினார். கொண்டக்டர் வந்து பெட்டியைத் தட்டி “மாளுவா?” என்றார். மீன்தான் என்று தலையாட்டினேன். மனுச இரத்தம் என்று சொன்னால் நடுவழியில் இறக்கிவிடுவார்.

கொழும்பில் கூட்டாளி தெளிநீரை ஒதுக்கிவிட்டுச் செங்குழியத்தைக் கழுவி, உடைத்து, மருந்தை விட்டாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மஞ்சள். பர்ஹானாவுடையதும் மஞ்சள், மாமியுடையதும் மஞ்சள். நல்ல பூவரசம்பூ மஞ்சள். அழுதுவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

நஞ்சு இல்லை, குசினி சுத்தம். இவர்களுக்குத் தெளிநீர் நொதியம் பிறவியிலேயே சரியாக இல்லை. உம்மா பக்கமும் வாப்பா பக்கமும் ஒரே குறையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். சொந்தத்துக்குள் கட்டக் கட்ட அது கூடி வரும்.

“இவங்களுக்கு இதால ஒரு கரைச்சலும் இல்ல,” என்றாள் கூட்டாளி. “சாகும்வரைக்கும் தெரியாமலே இருப்பாங்க. ஒரே ஒரு இடத்தில மட்டும்தான் மாட்டுவாங்க.”

“எங்க?”

“ஒபரேஷன் தியேட்டரில.”

மயக்கியதும், தொண்டைக்குள் குழாய் போட வசதியாகத் தசைகளைத் தளர்த்த ஒரு ஊசி போடுவதுண்டாம். சில நிமிசத்தில் தெளிநீர் நொதியம் அதை உடைத்துவிடும், ஆளும் அசையத் தொடங்கும். நொதியம் சரியில்லாதவருக்கு அந்த ஊசி மணிக்கணக்கில் நிற்கும். மயக்கம் தெளிந்துவிடும், ஆனால் கண்ணிமையைக்கூட அசைக்க முடியாது, மூச்சும் மெஷின்தான் விட வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் வேறு ஊசி போட்டுக்கொள்ளலாம். தெரியாமல், கவனிக்காமல் மெஷினைக் கழற்றினால் ஆள் மௌத்.

முன்பள்ளிக் கட்டடமும், முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்த அந்தப் பெண்ணும், என் சிரிப்பும் திரும்ப வந்தன. போய்ச் செய்துகொள் என்று அவளைத் துரத்தியதும் நான்தானே.

கொடியில் கிடந்த உடுப்பு

அடுத்த நாள் நானும் யூஜினும் போனபோது மாமி வாசலிலேயே கதிரை போட்டார், உள்ளே கூப்பிடவில்லை. ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரி முதலில் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் குசினியில் ஒன்றுமில்லை, பிழை என்னுடையது என்றேன். பக்கத்து வேலிக்குப் பின்னால் இரண்டு தலை தெரிந்தது. நல்லது, கேட்கட்டும் என்று இன்னொரு தரமும் சொன்னேன். பிறகுதான் அந்தப் பழைய ஒபரேஷனைப் பற்றிக் கேட்டேன்.

மாமி தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். அது நடந்து இருபது வருசத்துக்கு மேல். குடலில் ஒரு ஒபரேஷன். மயக்கினார்கள். பிறகு திடீரென்று சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. தான் மௌத்தாகிவிட்டதாகவே நினைத்தாராம்.

“கலிமா சொல்லப் பாத்தன், நாக்கு வரல்ல. அந்த நேரம் ஒரு மிஸ் சிங்களத்தில சொல்றா, மழை வருது, வீட்டில கொடியில உடுப்புக் காயப் போட்டுட்டு வந்தனே எண்டு. அப்பதான் நெனச்சன், கபுறுக்குள்ள, மண்ணுக்குள்ள ஆரு உடுப்புக் காயப் போடுற? அப்ப நான் ஹயாத்தோடதான் இருக்கிறன்.”

அந்த உடுப்பைப் பிடித்துக்கொண்டே கிடந்தாராம். பொழுது சாய்ந்து விரல் அசைந்து, வாய் திறந்ததும், பக்கத்தில் வந்த மிஸ்ஸிடம் முதல் கேட்டது, உங்கள் உடுப்பு நனைந்துவிட்டதா என்றுதான். அவள் வெலவெலத்துப் போய் ஓடிவிட்டாள். பிறகு அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று மறுத்தாளாம். டொக்டர் கனவு என்றார். மாமியின் புருசன், அந்த மாமா, மருந்து தலைக்கேறிவிட்டது என்றார். மாமியின் மாமியார் ஜின் பிடித்துவிட்டது என்று சொல்லித் தாயத்துக் கட்டினார். சொல்லிச் சொல்லி அலுத்து, வீட்டில் பர்ஹானாவுக்கு மட்டும்தான் சொல்வாராம். அவள் ஒருத்திதான் சிரிக்காமல் கேட்டாளாம்.

“இப்ப சொல்லுங்க மகள்,” என்றார். “இவள அனுப்பலாமா?”

அனுப்பலாம் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து ஒரு சொல் சொன்னதில்லை.

இரண்டு கடிதம்

மயக்க மருந்து டொக்டருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, இலக்கங்களையெல்லாம் போட்டு, கொழும்பு அறிக்கையையும் சேர்த்தேன். யூஜின் அதைக் கிளினிக் கொப்பியின் மட்டையோடு வைத்து ஸ்டேப்ளரால் அடி அடியென்று அடித்தார். அது போதாதென்று நானே ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரைக் கண்டேன். சின்ன வயதுச் சிங்களப் பெண். பொறுமையாகப் படித்தார், மூன்று கேள்வி கேட்டார், அந்த ஊசியைத் தொட மாட்டேன் என்றார்.

ஒபரேஷன் நாள் மாமி தியேட்டருக்கு வெளியே வாங்கில் தஸ்பீஹ் மணியோடு இருந்தார். பக்கத்தில் மாமா, ரிஸ்வான், தள்ளி நான். கதவு திறக்கிற நேரமெல்லாம் நாலு பேரும் எழும்பினோம். பகல் சாப்பாட்டு நேரம் கடந்து டொக்டரே வெளியே வந்தார். ஆள் எழும்பிவிட்டாள், கையை உயர்த்தச் சொன்னோம், உயர்த்தினாள் என்றார். மாமி அதை டொக்டரைச் சிங்களத்தில் ஒரு தரமும், என்னைத் தமிழில் ஒரு தரமும் சொல்லச் சொன்னார். பிறகுதான் அல்ஹம்துலில்லாஹ் என்று உட்கார்ந்தார்.

இரண்டு கிழமை கழித்து ஆய்வுகூட வாசலில் மாமி. பர்ஹானாவின் பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தார், அவர்களுக்கும் பார்த்துவிட வேண்டுமாம். இரத்தம் எடுத்து முடித்தேன். மாமி போகவில்லை. கைப்பையிலிருந்து கோடு போட்ட கடுதாசி ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“எனக்கும் ஒரு கடிதம் வேணும். தமிழில.”

நான் நினைத்தேன், இனி ஏதும் ஒபரேஷன் வந்தால் காட்டத்தான் கேட்கிறார் என்று. அதற்கு ஆங்கிலக் கடிதம் இருக்கிறதே என்றேன்.

“அது டொக்டருக்கு. இது எங்கட ஆக்களுக்கு. நான் கண்டது கனவில்ல எண்டு எழுதுங்க.”

ஆய்வுகூடத்திலிருந்து அப்படியெல்லாம் கடிதம் கொடுக்கிற வழக்கம் இல்லை. எழுதினேன். இவருக்குச் சத்திரசிகிச்சை முடிந்த பிறகு இவர் விழித்தே கிடந்தார், ஊசியின் காரணத்தால் அசைய முடியவில்லை, அப்போது கேட்டதாக இவர் சொல்வது கனவும் அல்ல, ஜின்னும் அல்ல, உண்மை. வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். கையெழுத்து வைக்கப் போனேன்.

“பொறுங்க மகள். அண்டைக்கு பர்ஹானா சொன்ன நேரம் நீங்களும் சிரிச்சீங்களாமே. அதையும் எழுதுங்க.”

முகத்தைப் பார்த்தேன். கோபம் ஒன்றுமில்லை. உடுப்பு நனைந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

‘முதல் கேட்டபோது நானும் நம்பாமல் சிரித்தேன்’ என்று எழுதி, அதன் கீழே கையெழுத்து வைத்து, ஆய்வுகூடத்து வட்ட முத்திரையையும் குத்திக் கொடுத்தேன்.